ஆலையில் போன விரலுக்கு நட்டஈடு உண்டா? – வாசகர் கேள்வி பதில்

வேலைத்தள விபத்து, நட்டஈடு, பாதுகாப்பு ஆகியன குறித்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட முதலாளிமாரின் பெயர்களையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் ஒரு நெல் ஆலையில் பல வருடங்களாக நாட்கூலிக்கு வேலை செய்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் இயந்திரத்தின் பெல்ற் இழுத்ததில் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. முதலாளி மருந்துச் செலவைப் பார்த்ததுடன் ஐம்பதாயிரம் ரூபாவும் தந்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். “கவனமில்லாமல் கை வைத்தது அவருடைய பிழை, நாட்கூலிக்காரருக்கு நட்டஈடு கிடையாது” என்கிறார். இது சரிதானா?
– ஒரு வாசகி, சம்மாந்துறை

பதில்: சரியில்லை. அவர் சொன்ன இரண்டுமே தவறு. வாங்கிய கையெழுத்தும் அவர் நினைப்பதைப்போல அவரைக் காப்பாற்றாது.

இலங்கையில் இந்த விடயத்தை ஆள்வது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். பின்னர் பல தடவைகள் திருத்தப்பட்டிருந்தாலும் அதன் அடிப்படை மாறவில்லை. வேலை காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தினால் வேலையாளுக்கு உடற்காயம் ஏற்பட்டால், நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையது. முதலாளி பிழை செய்தார் என்று வேலையாள் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையாளின் சாதாரணக் கவனக்குறைவைக் காட்டி முதலாளி தப்பவும் முடியாது. மதுபோதையில் அல்லது போதைப்பொருளின் மயக்கத்தில் இருந்தமை, பாதுகாப்புக்கென இடப்பட்ட தெளிவான கட்டளையை வேண்டுமென்றே மீறியமை, பாதுகாப்புக்காகப் பொருத்தப்பட்டிருந்த காப்பை வேண்டுமென்றே அகற்றியமை போன்ற சில சந்தர்ப்பங்களில் மட்டுமே உரிமை பறிபோகும். உங்கள் கணவர் வேலை செய்த பெல்ற்றுக்கு மூடி இருந்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை. மூடியே இல்லாத இடத்தில் “கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை. இத்தகைய கடிதங்களில் பெரும்பாலும் மூடி இருப்பதில்லை என்பதும் நமக்குத் தெரிந்ததே.

அடுத்தது நாட்கூலி. தற்செயலாக வேலைக்கு அமர்த்தப்பட்டவராகவும், அதே சமயம் முதலாளியின் தொழிலுக்குப் புறம்பான வேலையில் ஈடுபட்டவராகவும் இருப்பவரையே இச்சட்டம் விலக்குகிறது. இரண்டு நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்த வேண்டும். நெல் குற்றும் ஆலையில் நெல் குற்றும் வேலை செய்தவர் நாள்தோறும் கூலி வாங்கினாலும், கிழமைக்கு ஒருமுறை வாங்கினாலும், நியமனக் கடிதம் இல்லாவிட்டாலும் அவர் வேலையாளே.

கையெழுத்து வாங்கிய தாளில் “இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்று எழுதியிருந்தால், அந்த வாசகம் செல்லாது. நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ செய்யப்படும் ஒப்பந்தத்தை இக்கட்டளைச்சட்டமே வெற்றாக்கிவிடுகிறது. இரு தரப்பும் விரும்பி ஒரு தொகைக்கு இணங்கலாம். அந்த இணக்கம் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவு செய்யப்பட வேண்டும், தொகை போதாது என்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். ஆலையின் பின்புறத்தில் கணக்கப்பிள்ளையின் மேசையில் வைத்து வாங்கப்படும் கையெழுத்து இந்த வகையில் சேராது. மருந்துச் செலவை முதலாளி ஏற்றது நல்ல காரியம், அதற்கு நன்றி சொல்லலாம்; அது நட்டஈட்டுக்கு ஈடாகாது.

தொகை எவ்வளவு என்று கேட்பீர்கள். கட்டளைச்சட்டத்தின் அட்டவணை ஒன்று, இழந்த உறுப்புக்கேற்ப உழைக்கும் வலு எத்தனை வீதம் குறைந்தது என்று வரையறுக்கிறது. இன்னோர் அட்டவணை, மாதச் சம்பளப் பிரிவுக்கேற்ப முழுத் தொகையைக் கூறுகிறது. இரண்டையும் பெருக்கினால் வருவதே நிரந்தரப் பகுதி இயலாமைக்கான நட்டஈடு. உதாரணத்துக்காக மட்டும், ஒருவரின் சம்பளப் பிரிவுக்குரிய தொகை 15 இலட்சம் என்றும் இழப்பு 20 வீதம் என்றும் வைத்துக்கொண்டால் அவருக்கு 3 இலட்சம் கிடைக்கும். 2022 ஆம் ஆண்டின் திருத்தத்துக்கு முன்னர் உச்சத் தொகை 5 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்தது; அத்திருத்தம் அதை 20 இலட்சமாக உயர்த்தியது. பழைய தொகையைச் சொல்லி யாராவது பேரம் பேசினால் இதை நினைவில் வையுங்கள். காயம் ஆறும் வரை வேலைக்குப் போக முடியாமல் இருந்த காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை வழங்கப்பட வேண்டிய தற்காலிக இயலாமைக் கொடுப்பனவும் உண்டு.

சம்பளமே கணக்கின் அடித்தளம் என்பதால், கூலி எவ்வளவு என்பதைக் காட்டும் ஆதாரத்தை இன்றே தேடத் தொடங்குங்கள். சம்பளச் சீட்டு இல்லையென்றால் கணவர் கைப்பட எழுதிவைத்த கணக்குக் கொப்பி, முதலாளி கையொப்பமிட்ட வவுச்சர், உடன் வேலை செய்தவர்களின் சத்தியக்கூற்று ஆகியவை உதவும். ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால் வேலையாள் என்பதை நிரூபிக்க வேறொன்றும் தேவையில்லை. கட்டப்படவில்லை என்றால், அதையே ஒரு தனி முறைப்பாடாக மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆகிய இடங்களில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகம் ஒன்றில் கொடுங்கள். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வேலையாளின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் கட்டப்பட வேண்டும். நாட்கூலிக்காரரும் இதில் அடங்குவர். அந்த முறைப்பாட்டை விசாரிக்கும் தொழில் அதிகாரி, உங்கள் கணவர் அந்த ஆலையில் வேலை செய்தார் என்று எழுத்தில் பதிவார். அந்தப் பதிவு நட்டஈட்டு விசாரணையில் உங்களுக்குப் பெரிய பலம். இதைப் பலர் யோசிப்பதில்லை.

வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அனுமதிக்கப்பட்டபோது விபத்து எங்கே நடந்தது என்று என்ன எழுதப்பட்டுள்ளது என்பதையும் பாருங்கள். “வீட்டில் விழுந்தார்” என்று சொல்லச் சொல்லி முதலாளியின் ஆட்கள் வற்புறுத்துவது உண்டு. அந்த ஒரு வரி பின்னர் முழு வழக்கையும் கவிழ்த்துவிடும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வந்து ஏற்றியிருந்தால், எந்த இடத்தில் இருந்து ஏற்றினார்கள் என்ற பதிவும் இருக்கும்.

விண்ணப்பம் கொழும்பில் உள்ள வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கு முன் முதலாளிக்கு விபத்தைப் பற்றி எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, அதன் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையை விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முன்வைக்க வேண்டும். மூன்று மாதங்களே ஆகியிருப்பதால் உங்களுக்குக் காலம் இருக்கிறது. ஆனால் சாட்சிகள் வேறு ஆலைகளுக்கு மாறிப்போவதற்கும் அதே காலம் போதும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. உதவி தேவையென்றால் 1978 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடுங்கள். வருமானம் குறைந்தோருக்கு அங்கே கட்டணமின்றி உதவுவார்கள். சிவில் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடரும் வழியும் திறந்தே இருக்கிறது. எனினும் ஒரே விபத்துக்கு இரண்டு இடங்களிலும் நட்டஈடு பெற முடியாது. நெடுங்காலம் இழுபடக்கூடிய சிவில் வழக்கைவிட ஆணையாளரின் வழியே உங்களுக்கு ஏற்றது என்பது எமது கருத்து.

கேள்வி: பெரிய ஒப்பந்த நிறுவனம் ஒன்று எடுத்த பாடசாலைக் கட்டட வேலையில், துணைக் கொந்தராத்து எடுத்த பாஸ் ஒருவரின் கீழ் மேசன் வேலை செய்த என் தம்பி சாரத்தில் இருந்து விழுந்து இறந்துவிட்டார். பாஸ் கம்பனியைக் காட்டுகிறார். கம்பனி பாஸைக் காட்டுகிறது. செத்த வீட்டுக்கு வந்த கம்பனி அதிகாரி ஒருவர் இரண்டு இலட்சம் கொடுத்து “எல்லாம் முடிந்தது” என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பிக்கு மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.
– ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் குடும்பத்துக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள்.

கைகாட்டி விளையாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஒருவர் தமது தொழிலின் வழமையான பகுதியாக உள்ள வேலையைக் கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தால், அந்தக் கொந்தராத்துக்காரரின் வேலையாட்களுக்கும் தாமே நேரடியாக அமர்த்தியிருந்தால் எப்படியோ அப்படியே நட்டஈடு கொடுக்கும் கடப்பாடு அவருக்கு உண்டு. கட்டட நிறுவனத்துக்குக் கட்டடம் கட்டுவதே தொழில். ஆகவே நிறுவனம் பொறுப்பிலிருந்து கழர முடியாது. கொடுத்த பணத்தைப் பின்னர் பாஸிடமிருந்து மீட்பது அவர்கள் இருவருக்கும் இடையிலான காரியம். கோரிக்கையில் இருவரையும் எதிர்த்தரப்பினராகக் குறிப்பிடுங்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எமது ஊர்களில் பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் கட்டப்படுகின்றன. ஆசிரியர் ஒருவரோ கடைக்காரர் ஒருவரோ தாம் குடியிருக்க வீடு கட்டும்போது, அது அவருடைய தொழில் அல்ல. அந்த வீட்டில் பாஸ் ஒருவர் ஆட்களைக் கூட்டிவந்து வேலை செய்தால், அந்த ஆட்களுக்கு முதலாளி பாஸ்தான். வீட்டுக்காரர்மீது இதே பொறுப்பைச் சுமத்துவது கடினம். பாஸிடமோ கொடுக்க ஒன்றும் இருக்காது. இந்த இடைவெளியில் விழும் குடும்பங்கள் பல. வீடு கட்டுபவர்கள் கொந்தராத்துப் பேசும்போதே, வேலையாட்களுக்கு விபத்துக் காப்புறுதி எடுக்கச் செய்து அதன் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்வது நல்லது.

செத்த வீட்டில் கொடுத்த பணத்தைப் பற்றி: மரணத்துக்கான நட்டஈட்டை முதலாளி ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும், அவரே அதைத் தங்கிவாழ்வோருக்குப் பகிர்ந்தளிப்பார். குடும்பத்திடம் நேரே கொடுத்த பணத்தைக் காட்டி முழுப் பொறுப்பும் தீர்ந்தது என்று முதலாளி சொல்ல முடியாது. இந்த ஏற்பாடு ஏன் என்பதை ஊர் நடப்பு அறிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். இறந்தவரின் பெயரில் வரும் பணம் விதவையின் கைக்கு வருமுன் அண்ணன், மாமன், கடன்காரர் என்று பல கைகளைத் தாண்டுகிறது. ஆணையாளர் சிறுவர்களின் பங்கை அவர்கள் பெயரிலேயே பாதுகாத்து வைக்கச் செய்யலாம். அண்ணன் என்ற முறையில் இதை நீங்கள் நடத்திக்கொடுப்பது நல்லதே. ஆனால் விண்ணப்பம் தம்பியின் மனைவியின் பெயரிலும் பிள்ளைகளின் பெயரிலும் இருக்கட்டும்.

திடீர் மரண விசாரணையில் பதிந்த வாக்குமூலங்களின் பிரதி, மரண அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, தங்கிவாழ்ந்தமை பற்றிய கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைச் சேகரியுங்கள். தம்பியின் பெயரில் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நிலுவைத் தொகைக்கு மேலாக மரணக் காப்புறுதி நன்மையும் அங்கே உண்டு. அந்த 3 வீதத்தை முதலாளியே முழுதாகக் கட்ட வேண்டும் என்பதால், சம்பளத்தில் ஒன்றும் வெட்டப்படவில்லையே என்று எண்ணிப் பலர் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து ஸ்கூட்டியில் வீட்டுக்கு வரும்போது விபத்தில் கால் முறிந்தது. வேலைத்தளத்துக்கு வெளியே நடந்தது என்பதால் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள்.
– ஒரு வாசகி, ஏறாவூர்

பதில்: முன்னர் அப்படித்தான் இருந்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் வீட்டுக்கும் வேலைத்தளத்துக்கும் இடையிலான பயணத்தின்போது நேரும் விபத்தையும் நட்டஈட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. வழியில் வேறு அலுவலாகத் திரும்பாமல் வழமையான பாதையில் வந்தீர்கள் என்பதை நிறுவுவது முக்கியம். ஆகவே தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நேரத்தைக் காட்டும் வரவுப் பதிவையும், விபத்து நடந்த இடத்தையும் நேரத்தையும் கூறும் பொலிஸ் முறைப்பாட்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். மோதிய வாகனத்தின் காப்புறுதியில் இருந்து பெறக்கூடியது வேறு விடயம், அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: மருதமுனையில் தலைமுறையாகக் கைத்தறி நெசவு செய்கிறோம். நூல் சுற்றும் இடத்தில் வேலை செய்யும் என் மாமிக்கு ஓயாத இருமல். இதற்கும் நட்டஈடு கேட்கலாமா?
– ஒரு வாசகர், மருதமுனை

பதில்: கட்டளைச்சட்டம் விபத்தோடு நிற்காமல், அட்டவணைப்படுத்திய சில தொழில்சார் நோய்களையும் விபத்தாகவே கொள்கிறது. ஆனால் அதற்கு ஒரு முதலாளி இருக்க வேண்டும். வீட்டில் சொந்தத் தறியில் நெய்பவருக்கும், குடும்பத்தாருக்கு உதவுபவருக்கும் அந்தக் கதவு திறக்காது. வேறொருவரின் நிலையத்தில் கூலிக்கு நூல் சுற்றினால் நிலைமை வேறு.

நட்டஈட்டுக்கு முன் வைத்தியம். பருத்தித் தூசியினால் வரும் நுரையீரல் நோய் பஞ்சு கோதும், நூல் நூற்கும் ஆலைகளிலேயே அதிகம்; நெசவில் குறைவு. ஓய்வுநாளுக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி, கிழமை செல்லச் செல்லக் குறைவது அதன் தொடக்கக் குறி. காசநோய், ஆஸ்துமா ஆகியவற்றுக்கும் இருமல் பொது என்பதால், அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் காட்டுங்கள். அங்கே பரிசோதனை இலவசம். எத்தனை ஆண்டுகளாக, என்ன நூலோடு, எப்படிப்பட்ட அறையில் வேலை செய்கிறார் என்பதை மாமி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “வீட்டு வேலைதான்” என்று சொல்லிவிட்டு வரும் பெண்களின் அட்டையில் தொழில் என்ற இடமே வெறுமையாக இருக்கிறது.

கேள்வி: போடியார் ஒருவரின் வயலில் கூலிக்கு மருந்து அடிக்கிறேன். சில நாட்களில் தலைச்சுற்றும் வாந்தியும் வருகின்றன. எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது. எங்களுக்கு அரசு என்ன செய்கிறது?
– ஒரு வாசகர், வெல்லாவெளி

பதில்: நெற்செய்கை போடியாரின் தொழில்; அதில் கூலிக்கு வேலை செய்யும் நீங்கள் மேலே சொன்ன கட்டளைச்சட்டத்தின்படி வேலையாளே. மருந்து அடிக்கும்போது மயங்கி விழுந்து வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டால், அதுவும் வேலையின்போது நேர்ந்த விபத்தே. சொந்த வயலில் தாமே அடிப்பவருக்கு இது பொருந்தாது. அவர் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் திட்டங்களைப் பற்றிக் கமநல சேவை நிலையத்தில் கேட்கலாம்.

தலைச்சுற்றை அலட்சியம் செய்யாதீர்கள். பூச்சிமருந்து மூக்கு வழியாக மட்டும் உடலுக்குள் போவதில்லை. தோல் வழியாகவும் போகிறது. முதுகில் தொங்கும் தாங்கியின் மூடி கசிந்து, நனைந்த சட்டையோடு மாலை வரை நிற்பதே எமது வயல்களில் நஞ்சேறும் முக்கிய வழி. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே சாறனை மடித்துக் கட்டி வெறுங்காலோடு இறங்குபவர் பாதிப் பாதுகாப்புக்கூட இல்லாதவர். நீளக் காற்சட்டை, நீளக் கைச் சட்டை, றப்பர்ச் சப்பாத்து, கையுறை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அவற்றைத் தருவது முதலாளியின் வேலை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலில் அடிக்கவே கூடாது: வியர்வை ஊறிய தோல் மருந்தை விரைவாக இழுக்கும், காற்று அதை உங்கள்மீதே திருப்பும். மயக்கம் வந்து வைத்தியசாலைக்குப் போகும்போது மருந்துப் போத்தலின் லேபலையும் கொண்டுபோங்கள். எந்த வகை நஞ்சு என்று தெரிந்தால்தான் சரியான மாற்று மருந்தை வைத்தியர் தீர்மானிக்கலாம்.

எலிக்காய்ச்சலுக்கு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை அணுகுங்கள். வயலில் இறங்குவோருக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை, தேவை கண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் இலவசமாக வழங்குகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அது ஏற்றதல்ல என்பதால் கேட்காமல் வாங்கி விழுங்க வேண்டாம். வயலில் இறங்கிய சில நாட்களில் காய்ச்சலும் கடும் தசைவலியும் கண் சிவத்தலும் வந்தால் பனடோலோடு காத்திராமல் வைத்தியசாலைக்குப் போய், “வயல் வேலை செய்தேன்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஆலை முதலாளி. உங்கள் பத்தியில் எப்போதும் முதலாளிமாரையே குற்றம் சொல்கிறீர்கள். பாதுகாப்பாக நடத்த விரும்பும் என் போன்றவர்கள் யாரிடம் போவது? பரிசோதகரைக் கூப்பிட்டால் வழக்குப் போடுவார்களே?
– ஒரு வாசகர், நிந்தவூர்

பதில்: நியாயமான கேள்வி, கோபமும் நியாயமானதே.

நெல் ஆலை 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டத்துக்குள் அடங்கும். தொழிற்சாலை பதிவு செய்யப்பட வேண்டும். சுழலும், அசையும் அபாயகரமான பாகங்களுக்குக் காப்பு இட வேண்டும். நெல் அவிக்கும் நீராவிக் கொதிகலனைத் தகுதி பெற்றவர் காலத்துக்குக் காலம் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும். விபத்தில் ஒருவர் இறந்தாலும், மூன்று நாட்களுக்கு மேல் தம் வேலையைச் செய்து முழுச் சம்பளம் உழைக்க முடியாமல் போனாலும் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். இந்தப் பொறியியலாளர்கள் தொழில் திணைக்களத்தின் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தவர்கள். வழக்குத் தொடரும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் தாமாகச் சென்று ஆலோசனை கேட்பவருக்கும், விரல் துண்டான பிறகு பரிசோதனைக்கு உள்ளாகுபவருக்கும் இடையே அவர்கள் வித்தியாசம் பார்க்கத்தான் செய்வார்கள்.

பயிற்சிக்கு, 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் இருக்கிறது. அதற்கு வழக்குப் போடும் வேலை கிடையாது. பயிற்சி, ஆலோசனை, ஆய்வு ஆகியனவே அதன் பணி. தூசி, வெப்பம், குடிநீர், மலசலகூடம் போன்றவற்றுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரே போதும்.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு ஆலைக்குள் வாருங்கள். மோட்டாரையும் உமி நீக்கும் இயந்திரத்தையும் இணைக்கும் பெல்ற்றுக்குக் கம்பி வலைக் கூடு அடிக்க உள்ளூர் வெல்டிங் கடை போதும். கூடு அடித்த பிறகும் அது ஏன் சில மாதங்களில் மூலையில் சாய்ந்து கிடக்கிறது என்பதையே கவனிக்க வேண்டும். பெல்ற் வழுக்கும்போது ஒவ்வொரு முறையும் நான்கு நட்டுகளைக் கழற்ற யாருக்கும் பொறுமையில்லை. ஆகவே கூட்டை கீலில் திறந்து மூடும் கதவாகச் செய்து, கதவு திறந்தால் மோட்டார் நிற்கும்படி ஒரு சுவிட்ச் பொருத்துங்கள். அடைப்பை எடுக்கும்போது மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, திறப்பை அடைப்பு எடுப்பவரின் மடியில் கொடுங்கள். உள்ளே ஒருவர் கை வைத்திருக்க வெளியே இன்னொருவர் சுவிட்சைப் போட்ட கதைதான் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப வருவது. சாறன், சால்வை, தொங்கும் முந்தானை ஆகியவற்றோடு சுழலும் தண்டுக்கு அருகில் போவதைத் தடைசெய்து, காற்சட்டையை நீங்களே வாங்கிக்கொடுங்கள். ஒரு மூடை அரிசியின் விலைக்குள் அடங்கும் செலவு இது.

கட்டளைச்சட்டம் காப்புறுதியைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மரணத்துக்கான தொகையைக் கையிலிருந்து கொடுக்க நேரிட்டால் சிறிய ஆலை மூடவேண்டியதுதான்.

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதிய பதினேழு வயது மகன், விடுமுறையில் வெல்டிங் கடையில் வேலைக்குப் போகிறான். கண்ணாடி கூடக் கொடுப்பதில்லை. இது சட்டப்படி சரியா?
– ஒரு தாய், வாழைச்சேனை

பதில்: வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. பதினேழு வயதில் வேலை செய்யலாம்; ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவர்களை அபாயகரமானவை என்று பட்டியலிடப்பட்ட 71 வகை வேலைகளில் ஈடுபடுத்த முடியாது. உலோக ஒட்டு வேலை பற்றிய உங்கள் முறைப்பாட்டைத் தொழில் திணைக்கள அலுவலகம் ஏற்று விசாரிக்கும். முறைப்பாட்டாளரின் பெயரைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேளுங்கள். வயது காணாதவன் என்ற காரணத்தால் விபத்து நேர்ந்தால் நட்டஈடு இல்லாமல் போகாது. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வெல்டிங் ஒளி ஒரு நாளிலேயே கண்ணை மணல் கொட்டியதுபோல் உறுத்தச் செய்யும். தொடர்ந்தால் பார்வையையே கெடுக்கும். நாளையிலிருந்து மகனை அந்தக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: கத்தாரில் கட்டட வேலையில் இருக்கும் கணவருக்கு முதுகில் அடிபட்டு வைத்தியசாலையில் இருக்கிறார். கம்பனி ஊருக்கு அனுப்பப் பார்க்கிறது. வரச் சொல்லவா?
– ஒரு வாசகி, காத்தான்குடி

பதில்: அவசரப்பட்டு வரச் சொல்ல வேண்டாம். இலங்கைக் கட்டளைச்சட்டம் அங்கே நடந்ததற்குப் பொருந்தாது. கத்தாரின் 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சட்டமே பொருந்தும். அதன்படி வேலையில் காயமடைந்தவருக்குச் சிகிச்சை முதலாளியின் செலவு. சிகிச்சைக் காலத்துக்கு அல்லது ஆறு மாதங்களுக்கு, இரண்டில் எது குறைவோ அதுவரை முழுச் சம்பளமும், சிகிச்சை அதற்கு மேலும் நீண்டால் அரைச் சம்பளமும் கொடுக்க வேண்டும். நிரந்தர இயலாமை இருந்தால் அதன் வீதத்தைக் கூறும் மருத்துவ அறிக்கை தேவை. கோரும் உரிமை ஓராண்டில் காலாவதியாகும். அந்த அறிக்கையைக் கையில் வாங்காமல் விமானம் ஏறினால் இங்கிருந்து பெறுவது மிகக் கடினம். டோஹாவில் உள்ள இலங்கைத் தூதரகத்தின் தொழில் பிரிவில் கணவர் அல்லது உடன் இருப்பவர் முறைப்பாடு பதியட்டும். இங்கே நீங்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். பணியகத்தில் பதிந்து சென்றவர் என்றால் அதன் காப்புறுதி நன்மையும் உண்டு. அரபு மொழியில் நீட்டப்படும் எந்தத் தாளிலும், வாசித்துச் சொல்ல ஆள் வரும்வரை கையொப்பமிட வேண்டாம் என்று இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள்.

கேள்வி: நட்டஈட்டுக்கு விண்ணப்பித்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வந்த ஒரே கடிதமும் சிங்களத்தில் இருக்கிறது. யாரிடம் கேட்பது?
– ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தமிழும் அரச கரும மொழி. நாட்டின் எப்பகுதியில் உள்ள அரச அலுவலகத்தோடும் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. சிங்களக் கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிட்டுத் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். மறுத்தால் 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அதற்கிடையில் அக்கடிதத்தை அறிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அது விசாரணைக்கான அழைப்பாக இருந்து, நீங்கள் போகாமல் விட்டிருந்தால், காரணத்தை விளக்கி உடனே எழுத வேண்டும்.

கோவை எந்த நிலையில் இருக்கிறது, முதலாளி பதில் அளித்தாரா, விசாரணைத் திகதி குறிக்கப்பட்டதா என்பவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். கேள்விகளைச் சுருக்கமாக, ஒவ்வொன்றாக எழுதுங்கள். குறைகளையும் கோபத்தையும் அந்தத் தாளில் கலக்க வேண்டாம். ஆணையாளர் ஏற்கெனவே கட்டளையிட்டும் முதலாளி பணம் கட்டாமல் இருந்தால், நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அபராதம்போல அறவிடும் வழி இருக்கிறது. அதைத் தொடங்கும்படி ஆணையாளருக்கே எழுதுங்கள். எந்த அலுவலகத்தின் விலாசம் தெரியாவிட்டாலும் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்தில் தமிழில் கேட்டறியலாம்.